ஊதும் வரை

இன்னும் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கலாம். இது ஏழாவதா எட்டாவதா, எண்ணிக்க விட்டுப்போச்சு. அவசரப் பிரிவுக்கு வெளிய இந்த நீட்டு பெஞ்சு, பக்கத்துல ஒரு எவர்சில்வர் டிரம், அதுல சங்கிலி போட்டுக் கட்டின டம்ளர். யாரு தூக்கிட்டுப் போகப்போறான் இத. என்னைத்தான் கட்டி வச்சிருக்கணும், கட்டல. ‘இங்கயே உக்காருய்யா தயாளா, மிஷின் வந்ததும் ஒரு ஊது, அப்புறம் பாத்துக்கலாம்’னுட்டு ஏட்டு மாசிலாமணி வாசலுக்குப் போயிட்டாரு. ஸ்டேஷன் மிஷின்ல வாயில வைக்கிற குழாய் தீந்துபோச்சாம், ஹைவே ரோந்து வண்டியிலருந்து வேற மிஷின் வரணுமாம். ரத்தம் எடுக்கலாம்னா இருக்கிறது ஒரே ஒரு டூட்டி டாக்டரம்மா, அவங்க உள்ள கன்னியம்மா தலையில ரத்தத்த நிறுத்தப் பாத்துட்டிருக்காங்க. அந்தம்மா வெளிய வந்தா என் கையில ஊசி. வரலன்னா கன்னியம்மாவுக்கு இன்னும் நிக்கல. நான் எதுக்குடா வேண்டிக்கிறது. அந்தம்மா சீக்கிரம் வரணும்னா, மெதுவா வரணும்னா. தண்ணியக் குடி. குடிச்சா எறங்கும்னு எவன் சொன்னான், பழைய பஸ் டிரைவருங்க எல்லாம் சொல்றதுதான், ஒரு ரவுண்டுக்கு ஒரு மணி நேரம், தண்ணி குடிச்சா முக்கா மணி. காலையில கொய்யா இலை மென்னாச்சு, ரெண்டு தடவ பல்லு வெளக்கியாச்சு. உள்ளங்கையில ஊதி மோந்து பாத்தா கொய்யா இலைதான் வருது. அதுக்கு அடியில அது இருக்கு. எனக்குத் தெரியாதா.

காலையில ஏழு அம்பதுக்கு நான் உக்காந்திருந்த வண்டி கன்னியம்மாவ இடிச்சுது. நான் ஓட்டின வண்டின்னு சொல்லல. உக்காந்திருந்த வண்டி. ஒரகடம் தாண்டி அந்தப் பெரிய தொழிற்பேட்டைக்குள்ள, மெயின் கேட்டுலருந்து ஆறு கம்பெனிக்கும் ஆளுங்கள எறக்கி ஏத்திட்டு தானா சுத்துற பன்னண்டு சீட்டு வெள்ளை வேன். ஷட்டில்னு பேரு வச்சாங்க, தோட்டத்துல கூட்டுற பொம்பளைங்க எல்லாம் பொட்டின்னுதான் சொல்லுவாங்க. பொட்டி வந்துச்சு, பொட்டி போச்சு. டிரைவர் சீட்டுல நான். ஸ்டியரிங் இருக்கு, பிரேக் இருக்கு, ஹாரன் இருக்கு, எல்லாம் இருக்கு, தொடக்கூடாது. ரெண்டு கையும் மடியில. ஆபத்துன்னா மட்டும் தொடு, அதுக்குத்தான் நீ. அப்படித்தான் மொத நாள் பொட்டிக் கம்பெனி பிரதீபா மேடம் சொல்லிக்குடுத்தது. ரெண்டாம் நாளே வேற பேச்சு. ‘அண்ணா, சும்மா சும்மா தொடாதீங்கண்ணா, ஒவ்வொரு டச்சும் ரிப்போர்ட்ல ஏறுது.’ மாடியில அவங்க ரூம்ல ஒரு வெள்ளைப் பலகை, டச் இல்லாத நாள்னு தலைப்பு, கீழ நம்பர். நேத்து சாயங்காலம் நாப்பத்தொண்ணு. நாப்பதுக்குக் கேக் வெட்டினாங்க. எனக்கும் ஒரு துண்டு குடுத்தாங்க, ‘அண்ணனோட கையாலதான்’னு சொல்லிச் சிரிச்சாங்க. கை வைக்காததுக்குக் கேக். சாப்ட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

பலகைமேல பழியப் போட்டுடலாமா. போடலாம், வக்கீல் வந்தா அதத்தான் சொல்லச் சொல்லுவாரு, பழக்கிட்டாங்க சார், தொடாதேன்னு பழக்கிட்டாங்க. பாதி நெசம்தானே. பாதிதான். மீதிப் பாதி எனக்கும் அந்த ஊதற மிஷினுக்கும் நடுவுல இருக்கு. பத்தொம்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டினவன் நான், ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. மொத ஷிப்டுக்குப் பொண்ணுங்கள ஏத்திட்டு விடிகாலையில வருவேன், பாதிப் பொண்ணுங்க தூங்கிட்டே வருங்க, அதுங்க தூக்கம் கலையாம பிரேக் போடுவேன், அப்படி ஒரு கால் என்னது. மச்சான் பொண்ணு கல்யாணத்துக்கு மறுநாள், ராத்திரி ஒரு மணி வரைக்கும் குடிச்சுட்டு ஆறு மணிக்குப் பேட்டை கேட்டுல ஊதினேன். முப்பத்தி நாலு. முப்பது வரைக்கும்தான் சட்டம் விடும். நாலுதான சார் கூட, நேத்து குடிச்சது சார், நான் இப்ப போதையிலயா இருக்கேன், பாருங்க, நேரா நிக்கிறேன் பாருங்கன்னு கேட்டுக்காரன்கிட்ட நடந்து காட்டினேன். பஸ் ஜன்னல் பூரா பொண்ணுங்க மொகம். எறங்கி நின்னு வேற டிரைவர் வர்றதுக்குக் காத்திருந்தாங்க. ஒரு பொண்ணு, சுங்குவார்சத்திரத்துலருந்து ஏறுற பொண்ணு, என் டிபன் பையக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. போலீஸக் கூப்ட்டாங்க, வேல போச்சு, லைசென்ஸ் ஆறு மாசம் போச்சு, கோர்ட்டுல தலையக் குனிஞ்சு ஒத்துக்கிட்டேன், மொத தடவைன்னு ஜெயிலு இல்லாம விட்டாங்க. அடுத்த தடவைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் போடலாம்னு அந்த கிளார்க்கு சொன்னான் பாரு, அது இங்க, நெஞ்சுக்குழியில உக்காந்துக்கிச்சு. அன்னிலருந்து அந்த மிஷினக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். குடிய விட்டியாடா. விடல. அது ஒண்ணுதான் விடல.

அப்புறம் ஏன் இந்த வேலைக்கு வந்த தயாளா, உண்மையச் சொல்லு, உனக்கு நீயே பொய் சொல்லிக்காத. ஊத வேணாம்னுதான் வந்தேன். அதே கேட்டு. டிரைவருங்க வரிசை ஒரு பக்கம், பஸ்ஸு, லாரி, கிரேன், எவனா இருந்தாலும் ஊதிட்டுத்தான் உள்ள வரணும். என் பேரு டிரைவர் நோட்டுல இல்ல. ஊழியர் நோட்டுல இருக்கு. ஏன்னா நான் ஓட்டல. கம்ப்யூட்டர் ஓட்டுது, அது ஊதாது. மொத நாள் நான் பாட்டுக்கு ஊழியர் வழியில நடந்து உள்ள போனப்ப கேட்டுக்காரன் சிரிச்சான், ‘தப்பிச்சடா தயாளா’ன்னான். ஆமா, தப்பிச்சேன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா ஒரு கொக்கி இருந்துச்சு. எப்ப ஸ்டியரிங்கத் தொட்டாலும், பிரேக்க மிதிச்சாலும், ஹாரன் அடிச்சாக்கூட, அந்த நிமிஷத்துலருந்து நான் டிரைவர். வண்டி ஓரமா நின்னுடும். செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போயி பேப்பர் எழுதணும், எதுக்குத் தொட்டேன்னு. எழுதறதுக்கு முன்னாடி ஊதணும். தொட்டா ஊதணும். தொடலன்னா வேணாம். இத எவன் எழுதினானோ, நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பான். எனக்கு இது எப்படிப் படிஞ்சுதுன்னா, குடிச்ச மறுநாள் தொடாத, குடிக்காத மறுநாள் தொட்டுக்கோ. குடிக்காத மறுநாள்னு வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கும்.

நேத்து என்ன, ஒரு குவார்ட்டர். ஒண்ணும் விசேஷம் இல்ல, துக்கமும் இல்ல. எட்டு மணிக்கு ஆரம்பிச்சு ஒம்பதுக்கு முடிச்சாச்சு, சவுந்தரி போட்ட மூணு தோசையச் சாப்ட்டுப் படுத்தாச்சு. ‘நாளைக்கு வேலை இருக்குல்ல’ன்னு கேட்டா. ‘நான் என்ன ஓட்டவா போறேன், உக்காரத்தான போறேன்’னேன். அவளும் சிரிச்சுட்டா. இப்ப அவளுக்கு போன் பண்ணணும். என்னன்னு சொல்றது. வண்டி இடிச்சுடுச்சுன்னு சொல்லலாம். வண்டி இடிச்சுது. வாக்கியம் சரியாத்தான் இருக்கு, எங்கயும் நான் இல்ல அதுல. பிரதீபா மேடமும் அப்படித்தான் சொன்னாங்க, ஆம்புலன்ஸ் பின்னாடியே கார்ல வந்து, இதோ இந்த டிரம்முகிட்ட நின்னு. ‘அண்ணா, வண்டியே எழுதி வைக்கிற லாக்ல பாத்துட்டேன், நீங்க எதையுமே தொடல. நல்லதாப் போச்சு. குடிச்சுட்டு ஓட்டினாத்தான் கேஸு, நீங்க ஓட்டவே இல்ல. இதுக்கெல்லாம் சட்டம் இன்னும் தெளிவா வரல. வக்கீல் வர்ற வரைக்கும் பேசாதீங்க.’ அப்புறம் கொரல எறக்கி, ‘நேத்து ஏதாச்சும் சாப்ட்டீங்களா?’ன்னாங்க. நான் டம்ளர எடுத்துத் தண்ணி புடிச்சேன். பேசாதீங்கன்னுதானே சொன்னீங்க. ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாங்க, போன் வந்துச்சுன்னு வெளிய போனவங்க இன்னும் வரல.

நல்லதாப் போச்சாம். கன்னியம்மாவ எனக்குத் தெரியும். ஒரு வருஷமா தினம் பாக்கறேன். பொட்டி யாரு குறுக்க வந்தாலும் நின்னுடும், அதனால அந்தப் பேட்டையில எல்லாருக்குமே அது வெளையாட்டாப் போச்சு. கேன்டீன்காரன் கையக் காட்டி நிறுத்துவான், ஆபீஸருங்க டீ கப்போட குறுக்க நடப்பாங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. பஸ்ஸு முன்னாடி அப்படிப் போவானா எவனாச்சும். கன்னியம்மா தொடப்பத்த நீட்டுவா, அது நிக்கும். ‘பாத்தியா தயாளண்ணா, என் வூட்டுக்காரன் கேக்கமாட்டான், உன் பொட்டி கேக்குது’ம்பா. நிறுத்தி வச்சுக்கிட்டே வெத்தலை போடுவா. உள்ள இருக்கறவங்களுக்கு எரிச்சலா வரும், எனக்குச் சிரிப்பா வரும். ‘நகரு தாயி, பொட்டிக்கு வேலை இருக்கு’ம்பேன். நகருவா. இன்னிக்கு அவ வெளையாடல. தூங்குமூஞ்சி மரத்து இலையக் கூட்டி, ஒரு நீலப் படுதாவுல குமிச்சு, குனிஞ்சு பின்னாலயே நடந்து ரோட்டக் கடந்து இழுத்துட்டு வந்தா. முதுகுதான் என் பக்கம். இலைக் குமியும் அவளும் ஒண்ணாத் தெரிஞ்சாங்க. எனக்குத் தெரியலன்னு சொல்லல. பொட்டிக்கு அப்படித் தெரிஞ்சுருக்கும். முன்னாடி ஒரு திரை இருக்குல்ல, ரோட்டுல இருக்கற ஆளையெல்லாம் மஞ்சக் கலர்ல வரைஞ்சு காட்டும். நான் திரையப் பாத்தேன். அதுல ஆள் இல்ல. கண்ணாடி வழியாப் பாத்தேன். கன்னியம்மா இருந்தா.

அந்த நேரம் எவ்வளவு இருக்கும். லாக்ல பாத்தா நொடிக்கணக்காச் சொல்லிடுவாங்க. எனக்கு அது ரொம்ப நேரம். நெறைய நெனச்சேன், அவ்வளவையும் நெனைக்க நேரம் இருந்துச்சுன்னா மிதிக்கவும் நேரம் இருந்துச்சு. மொதல்ல, நின்னுடும். எப்பவும் நிக்குதுல்ல. அப்புறம், என்ன இன்னும் வேகம் கொறையல. அப்புறம் கால் பிரேக்கு மேல போச்சு. மேலதான் போச்சு, வைக்கல. வலது கை மடியிலருந்து எழுந்திரிச்சுது. தொட்டா ஊதணும். நேத்து குவார்ட்டர். ரெண்டாவது தடவ. ஜன்னல் பூரா பொண்ணுங்க மொகம். ஒரு பீப்பு அடிச்சாப் போதும்டா, ஹாரன், ஒரே ஒரு தடவ. ஹாரனும் டச்சுதான். அது பாத்துடும், இப்பப் பாத்துடும், நாப்பத்தோரு நாளா பாத்துதே. கை அங்கயே நின்னுச்சு. அப்புறம் சத்தம். பெரிய சத்தம் இல்ல. இலை மேல போன சத்தம் மாதிரிதான் இருந்துச்சு, அப்புறம் ஓரக்கல்லுல தலை பட்ட சத்தம். அப்பத்தான் பொட்டி நின்னுச்சு. நின்னு, அந்தப் பொம்பளைக் கொரல்ல, ‘வாகனம் நிறுத்தப்படுகிறது, அமர்ந்திருக்கவும்’னுச்சு. நான் அமர்ந்திருந்தேன். பின்னாடி சீட்டுக்காரங்க கத்தினப்பறம்தான் எறங்கினேன். நான் பாத்தேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. கேமரா ரோட்டப் பாக்குது, என் மொகத்த ஒண்ணும் பாக்கல. மனசுக்குள்ள எந்த லாக்கும் இல்ல. நான் சொன்னாத்தான் உண்டு.

சொன்னா என்ன ஆவும். குடிச்சிருந்தான், பாத்தான், வேணும்னே சும்மா இருந்தான். குடிக்கு ரெண்டு வருஷம், அவ செத்துட்டா அதுக்கு வேற. சவுந்தரி தெருவுல நடக்க முடியாது. சொல்லலன்னா, வண்டி இடிச்சுது. சட்டம் வரல. அஞ்சு வருஷம் கோர்ட்டுல இழுத்து யாரு டிரைவர்னு பேசிட்டிருப்பாங்க. ஏட்டே காலையில பேனாவ வச்சுக்கிட்டு முழிச்சாரு, ‘ஓட்டுநர்னு ஒரு கட்டம் இருக்குய்யா, யாரு பேரப் போடறது, பொட்டின்னு போடட்டுமா’ன்னு என்னையே கேட்டாரு. காலியா விட்டிருக்காரு. அந்தக் கட்டம் அப்படியே காலியா இருந்துட்டா எனக்கு ஒண்ணுமில்ல. இருக்கட்டும்னு ஒரு மனசு. இன்னொரு மனசு இருக்கா எனக்கு. இருக்கற மாதிரித் தெரியல. இருந்திருந்தா எட்டு மணிக்கே பேசியிருக்கும், இப்ப ஒம்பதே முக்கா.

பக்கத்துல ஒரு ஆள் வந்து உக்காந்தான். லுங்கி, லோடு தூக்கறவங்க தலையில கட்டுற துண்டு, சட்டையில சிமெண்டு. மூச்சு வாங்குது. டிரம்மக் கையக் காட்டினேன், போய்க் குடிச்சுட்டு வந்து உக்காந்தான். ‘டாக்டரு வெளிய வந்தாங்களாண்ணே?’ன்னான். இன்னும் இல்லன்னேன். ‘என் சம்சாரம் உள்ள இருக்குதுண்ணே. வாலாஜாபாத்ல லோடுல இருந்தேன், போன் பண்ணாங்க.’ எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. துலுக்காணம். கன்னியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கற அந்த வூட்டுக்காரன். எழுந்து போயிடலாமான்னு பாத்தேன். ‘நீங்க யாருக்கு வந்தீங்கண்ணே?’ன்னான். ‘தெரிஞ்சவங்களுக்கு’ன்னேன். தலைய ஆட்டிக்கிட்டான். ‘ஆளில்லாத வண்டியாம்ண்ணே, அது இடிச்சுடுச்சாம். ஆளு இருந்திருந்தா பாத்திருப்பான்ல. எவ்வளவு மோசமான ஆளா இருந்தாலும், ஒரு பொம்பளை குறுக்க வந்தா கால் தானா பிரேக்குல போவுமேண்ணே.’ ஆமான்னேன். ஆமான்னு என் வாய் சொல்லுச்சு. என் மேல எனக்கே அருவருப்பா இருந்துச்சு, என் தோலை விட்டு வெளிய போயிடலாம்போல இருந்துச்சு. அவன் மடியிலருந்து ஒரு பிஸ்கெட்டுப் பொட்டலத்த எடுத்துப் பிரிச்சு எனக்கு ரெண்டு நீட்டினான். ‘காலையிலருந்து உக்காந்திருக்கீங்கபோல, சாப்டுங்க.’ வாங்கிக்கிட்டேன். வாங்காம இருக்கறதுக்கு என்ன காரணம் சொல்றது.

ஏட்டு வந்துட்டாரு. கையில மிஷின். மஞ்சக் கலரு, நான் பாத்தது கறுப்பு, இது புதுசுபோல. ‘தயாளன், எழுந்திருய்யா.’ எழுந்தேன். துலுக்காணம் நிமிந்து பாத்தான். புதுக் குழாயக் கவர் கிழிச்சுச் சொருகினாரு. ‘நல்லா நீட்டா ஊது, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத.’ வாயில வச்சேன். முப்பத்தி நாலு, நாப்பது, அம்பது, என்ன வேணா வரட்டும், வந்துட்டாத் தேவல, அது வந்துட்டா நான் சொல்ல வேண்டியதில்ல, மிஷினே சொல்லிடும். ஊதினேன். நெஞ்சுல இருக்கறதெல்லாம் போற வரைக்கும் ஊதினேன். பீப்புன்னுச்சு. ஏட்டு பாத்தாரு, கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டுத் திரும்பப் பாத்தாரு. ‘இன்னொரு தடவ ஊது.’ ஊதினேன். என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. பூஜ்யம். மூணு எடத்துலயும் பூஜ்யம். ‘சார், நேத்து ஒரு குவார்ட்டர் சாப்ட்டேன் சார்’னேன். நானேதான் சொன்னேன். ‘எத்தினி மணிக்கு?’ ‘ஒம்பதுக்குள்ள.’ ‘போய்யா, அதெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கும்.’ ‘காலையில ஏழு அம்பதுக்கு ஊதியிருந்தா சார்?’ ‘அப்பவும் இதே பூஜ்யந்தான் காட்டியிருக்கும். உனக்கு ஒண்ணும் வராதுய்யா, பயப்படாத.’ சொல்லிட்டு என்னமோ எழுதினாரு. எழுதிக்கிட்டே நின்னவரு, பேனாவ நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. ‘குடிக்கல. தூங்கிட்டியா?’ ‘இல்ல சார்.’ ‘போன் பாத்துட்டிருந்தியா?’ ‘இல்ல சார்.’ ‘அப்ப ஏன்யா பிரேக்கப் புடிக்கல?’

மிதிச்சிருக்கலாம். எனக்கு இப்ப அந்த ஒண்ணுதான் இருக்கு. மிதிச்சிருந்தா பொட்டி நின்னிருக்கும், பலகையில நாப்பத்தொண்ண அழிச்சுட்டு பூஜ்யம் போட்டிருப்பாங்க, ஆபீஸுக்குப் போயி ஊதியிருப்பேன், அதுலயும் பூஜ்யம் வந்திருக்கும், பேப்பர எழுதிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவ வெத்தலை போட்டுட்டு, என்ன தயாளண்ணா இன்னிக்கு நீ நிறுத்தினியான்னு கேட்டிருப்பா. செய்யாத குத்தத்துக்குப் பயந்து இதச் செஞ்சுட்டேன். துலுக்காணம் எழுந்து நின்னான். ‘ஏட்டய்யா, இவரு அந்த வண்டியிலயா இருந்தாரு?’ன்னான். ‘ஆமாய்யா, டிரைவர் சீட்டுல. ஆனா ஓட்டினது இவரு இல்ல’ன்னாரு ஏட்டு. துலுக்காணம் என் கையில இருந்த பிஸ்கெட்டப் பாத்தான், என் மொகத்தப் பாத்தான். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சா நல்லாருக்கும்னு நின்னேன். அவன் பெஞ்சுல நகந்து எடம் விட்டு உக்காந்தான். ‘உக்காந்து சொல்லுண்ணே, என்னதான் ஆச்சு. நீ இருந்தும் எப்படிண்ணே ஆச்சு’ன்னான். பிரதீபா மேடம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கூட ஒரு கறுப்புக் கோட்டோட, என்னப் பாத்து வேகமா வந்துட்டிருந்தாங்க, வேணாம்னு கையக் காட்டிக்கிட்டே. அவங்க வர்றதுக்கு நேரம் இருந்துச்சு. நான் உக்காந்தேன். ‘நான் பாத்தேன்’னு அவன்கிட்ட சொன்னேன்.